வெள்ளைக் கோட்டுச் சாலையைப் பிடித்துப் போங்கள்

பிரான்சில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். மிஷ்லின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் சிவப்புக் கோட்டுச் சாலைகளை விட்டுவிடுங்கள். வெள்ளையாக, நூல் மாதிரி வளைந்து போகிறதே, அதைப் பிடியுங்கள். நல்ல தார்ச்சாலைதான். அரை மணி நேரத்துக்கு ஒரு டிராக்டர் வந்தாலே அதிகம்!

அதுவும் பயமாக இருந்தால், பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டி பகுதிக்குப் போங்கள். ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை சுமார் 44 கி.மீ. பழைய ரயில்பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் 1997-ல் திறந்தார்கள். பிரான்சின் முதல் பசுமைப் பாதை. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றமே கிடையாது. ஜூன் மாதம் நான் போனபோது சக்கரம் சுற்றும் சத்தமும் குயில் சத்தமும்தான் கேட்டன. வேலி ஓரமாக வெள்ளை வெளேரென்று ஷரோலே மாடுகள். நான் கடந்து போகும்வரை அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றன.

மதியம் பன்னிரண்டுக்கு மேல் கிராமத்துக் கடைகள் சாத்திவிடுவார்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் வாசல் பக்கமே ஒரு குழாய் இருக்கும். 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளூனிக்குத் தெற்கேயும் பாதை தொடர்கிறது, அதில் 1.6 கி.மீ. நீளச் சுரங்கம் ஒன்று உண்டு. கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், மேல்சட்டை வேண்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுகிறார்கள். எனவே ஏப்ரலுக்குப் பிறகு கிளம்புங்கள்.