ஹிஸ்டமின் வரவு செலவு

ஒரு நாள் மதியம் சமைத்த மீனில் இரண்டு துண்டுகள் சாப்பிட்டேன். எந்தத் தொந்தரவும் இல்லை. மீதமிருந்த ஒரு துண்டு மூன்று மணி நேரம் அடுப்பு மேடையிலேயே இருந்தது. பிறகுதான் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. மறுநாள் மாலை அதை எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டேன். இருபது நிமிடத்துக்குள் காது மடல்கள் இரண்டும் தீப்பட்டது போல் எரிந்தன, கன்னமும் கழுத்தும் சிவந்தன, மூக்கு அடைத்துக்கொண்டது, ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. மீன் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் முதல் நாளே ஒத்துக்கொள்ளாமல் போயிருக்க வேண்டும். அந்தக் கேள்விதான் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அதற்கு முன் இரண்டு ஆண்டுகள், காரணம் தெரியாத தடிப்பும் தலைவலியும் வயிற்று உப்புசமும் என்னை வாட்டின. ஒவ்வாமைக்கான தோல் சோதனையிலும் இரத்தப் பரிசோதனையிலும் எதுவும் அகப்படவில்லை. மன அழுத்தம்தான் காரணம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதை நம்பி நானும் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, சோதனையில் அகப்படாத துன்பமும் துன்பம்தான் என்பதே.

என் துன்பத்துக்குக் கடைசியில் கிடைத்த பெயர் ஹிஸ்டமின் சகிப்பின்மை: ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உடல் போதிய அளவு சிதைக்க முடியாத நிலை. ஹிஸ்டமின் நஞ்சு அன்று. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே அதை உருவாக்கி, மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் சேமித்து வைக்கிறது. இரைப்பையில் அமிலம் சுரக்கவும், மூளை விழித்திருக்கவும், காயம்பட்ட இடத்துக்கு இரத்தம் பாயவும் அது தேவை. இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அதன் செயலைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் 1910இலேயே விவரித்துவிட்டார்கள். சிக்கல் வருவது வரவும் செலவும் பொருந்தாதபோது. உடல் தானே வெளியிடுவதும், உணவின் வழியாக வருவதும், குடலிலுள்ள சில பாக்டீரியாக்கள் உருவாக்குவதும் வரவு. செலவுக்கு முக்கியமாக இரண்டு நொதிகள் இருக்கின்றன: குடலின் உட்சுவரில் நின்று உணவில் வரும் ஹிஸ்டமினைச் சிதைக்கும் டயமின் ஆக்சிடேஸ் ஒன்று, செல்களுக்கு உள்ளே வேலை செய்யும் ஹிஸ்டமின் மெத்தில்டிரான்ஸ்ஃபெரேஸ் மற்றொன்று. முதலாவது நொதி மரபுக் காரணத்தாலோ, குடல் அழற்சியாலோ, மதுவாலோ, சில மருந்துகளாலோ குறைந்துபோனால், மற்றவர் உடலில் தடம் தெரியாமல் மறையும் ஹிஸ்டமின் நம் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இந்த நொதியை ஏராளமாகச் சுரப்பதால், சில பெண்களுக்கு அந்த மாதங்களில் மட்டும் தொந்தரவு அடங்கிவிடுவதும் உண்டு.

இந்தக் கணக்கு புரிந்த பிறகுதான் அந்த இரண்டாம் நாள் மீனும் புரிந்தது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. மீன் பிடிபட்ட கணத்திலிருந்து, குளிர்ச்சி போதாத ஒவ்வொரு மணி நேரத்திலும், பாக்டீரியாக்களின் நொதி அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிக்கொண்டே இருக்கிறது; சமைத்த மீன்கூட வெளியில் கிடக்கும்போது புதிதாகப் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுக்கிறது. இதில் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிநீரிலும் அழியாது, எண்ணெயில் பொரித்தாலும் அழியாது, உறைய வைத்தாலும் அழியாது. உறைய வைப்பது புதிதாக உருவாவதை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே உருவானதை நீக்காது. கெட்ட வாடையும் இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல மீனாகவே இருக்கும். ஆகையால் மீதமான உணவை நன்றாகச் சூடாக்கினால் போதும் என்ற என் நெடுநாள் நம்பிக்கையைக் கைவிட்டேன். இப்போது மீனையும் இறைச்சியையும் வாங்கிய அன்றே சமைக்கிறேன். மிஞ்சும் என்று தெரிந்தால், சாப்பிட உட்காரும் முன்பே அதைச் சிறு பெட்டிகளில் பரப்பி உறைநிலைக்கு அனுப்பிவிடுகிறேன். உருக வைப்பதும் மேசை மீது அன்று. பெட்டியிலிருந்து நேராக அடுப்புக்குப் போகிறது. என் உடலில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது இந்த ஒரு பழக்கம்தான்; எந்த மாத்திரையும் இதற்கு அருகில் வரவில்லை.

அடுத்து, பட்டியல்கள். ஹிஸ்டமின் உணவுப் பட்டியல் என்று தேடினால் பத்துப் பட்டியல்கள் கிடைக்கும். பத்தும் ஒன்றோடொன்று சண்டையிடும். நெடுநாள் பதப்படுத்திய சீஸ், உலர்த்திய இறைச்சி, டின் மீன், சோயா சாஸ், ஒயின் ஆகியவற்றில் எல்லாப் பட்டியல்களும் ஒத்துப்போகின்றன. புளிப்பதும் முதிர்வதுமே அவற்றில் பெரும்பாலானவற்றின் செய்முறை என்பதால் அது இயல்பு. காய்களில் பசலைக்கீரை, கத்தரிக்காய், தக்காளி ஆகியவற்றில் ஹிஸ்டமின் குறிப்பிடத்தக்க அளவு இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளில் ஹிஸ்டமின் மிகக் குறைவு; ஆனால் அவற்றில் புட்ரெசின் என்ற, ஹிஸ்டமினைப் போன்ற வேறொரு பொருள் உண்டு, அதைச் சிதைப்பதும் அதே டயமின் ஆக்சிடேஸ்தான் என்பதால், ஒரே வாசலில் இருவர் முண்டியடிக்கும் நிலை ஏற்படலாம். ஸ்ட்ராபெர்ரி போன்றவை உடலிலுள்ள ஹிஸ்டமினைத் தூண்டி வெளியிடும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்கான சான்று மெலிந்தது. எந்தப் பட்டியலையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயருள்ள இரு சீஸ்களில்கூட அளவு பல மடங்கு வேறுபடும். உணவின் பெயரைக் காட்டிலும் அதன் வயதும் அது பாதுகாக்கப்பட்ட விதமும்தான் அளவைத் தீர்மானிக்கின்றன.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, பட்டியல்களில் உள்ள அனைத்தையும் ஒரே நாளில் விலக்கியது. மூன்றாவது மாதத்தில் என் தட்டில் ஏழெட்டு உணவுகளே மிச்சமிருந்தன; எடை இறங்கியது; ஒவ்வொரு கவளத்தையும் அச்சத்தோடு விழுங்கினேன். அந்த அச்சமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். அந்தப் படபடப்பையும் ஹிஸ்டமின் கணக்கில் எழுதிக்கொள்வேன். ஓர் உணவியல் வல்லுநர்தான் என்னை அதிலிருந்து மீட்டார். ஜெர்மனியின் ஒவ்வாமை மருத்துவர்கள் வகுத்த வழிகாட்டுதலில் உள்ள முறையை அவர் பின்பற்றினார்: முதல் 10 முதல் 14 நாட்கள் மட்டும் ஹிஸ்டமின் குறைந்த உணவு, அதன்பின் ஆறு வாரங்கள் வரை விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதிப்பது, கடைசியில் அவரவர் தாங்கும் அளவுக்கேற்ப விரிவான, நிலையான உணவு. இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது என்று பொருள். விலக்கலை நீட்டிப்பதில் பயனில்லை.

சோதனைக் கட்டத்தில் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு உணவுக்கும் நான்கு செய்திகளை எழுதினேன்: எவ்வளவு, சமைத்து எத்தனை மணி நேரம், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினேன், அறிகுறி எத்தனை நிமிடத்தில் வந்தது. மூன்றாவது செய்தியை நான் முதலில் எழுதவில்லை. நன்றாக உறங்கிய மறுநாள் சிக்கலில்லாமல் இறங்கிய அரைத் தக்காளி, உறக்கம் கெட்ட மறுநாள் கழுத்தைச் சிவக்க வைத்ததைப் பார்த்த பிறகே சேர்த்தேன். ஓர் உணவை ஒரே முறை சோதித்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று அந்த அரைத் தக்காளி கற்றுக்கொடுத்தது.

மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். இரத்தத்தில் ஹிஸ்டமின் சில நிமிடங்களிலேயே மறைந்துவிடும் என்பதால் அதை அளந்து முடிவு சொல்வது கடினம். டயமின் ஆக்சிடேஸ் அளவைக் காட்டும் பரிசோதனையும் தனியாக நின்று எதையும் உறுதிப்படுத்தாது. தூய ஹிஸ்டமின் 75 மில்லிகிராம் அருந்தியபோது ஆரோக்கியமானவர்களில் சிலருக்கும் அறிகுறிகள் தோன்றியதுண்டு. ஆகவே இந்த நோயறிதல், மற்றவற்றை விலக்கி விலக்கி வந்துசேரும் ஒன்று. உண்மையான உணவு ஒவ்வாமை, கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், குடல் அழற்சி, மாஸ்ட் செல்கள் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் ஆகியவை இல்லை என்று முதலில் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு டிரிப்டேஸ் என்ற இரத்தப் பரிசோதனை உதவும். உட்கொள்ளும் மருந்துகளின் முழு விவரத்தையும் கொண்டுசெல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கான வெராபமில், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைட், காசநோய்க்கான ஐசோனியாசிட் போன்றவை டயமின் ஆக்சிடேஸைத் தடுக்கக்கூடியவை. ஆனாலும் அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. தொண்டை வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, அது குறிப்பேட்டில் எழுதும் நேரம் அன்று. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

துணை மாத்திரைகளைப் பற்றி நான் கேட்காமலே பலர் அறிவுரை தந்தார்கள். டயமின் ஆக்சிடேஸ் நொதியே மாத்திரையாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் பன்றியின் சிறுநீரகத்திலிருந்தும், சிலவற்றில் முளைகட்டிய பட்டாணியிலிருந்தும் எடுக்கிறார்கள். புலால் உண்ணாதவர்களும் சமயக் காரணத்தால் பன்றியைத் தவிர்ப்பவர்களும் உறையைப் படிக்காமல் வாங்கக் கூடாது. உணவுக்குச் சுமார் 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன் விழுங்கினால், அந்த வேளை உணவில் வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே சிதைக்கும் என்பது அதன் நோக்கம். உடல் தானே வெளியிடும் ஹிஸ்டமினை அது தொடாது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிந்திருக்கிறது. பெரிய ஆய்வுகள் இன்னும் தேவை. எனக்கு அது தலைவலியைக் குறைத்தது, தடிப்பைக் குறைக்கவில்லை.

வைட்டமின் சி இரத்தத்தின் ஹிஸ்டமின் அளவைக் குறைத்ததாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் என்பது மேல் வரம்பு, சிறுநீரகக் கல் வந்தவர்கள் அந்த அளவை நெருங்கவே கூடாது. வைட்டமின் பி6 பற்றி நான் கவலையோடு எழுதுகிறேன். ஹிஸ்டமினுக்கு என்று விற்கும் கலவைகள் பலவற்றில் அது மிக அதிகமாக இருக்கிறது. நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் கை கால்களின் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பு வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நான் வாங்கிவைத்திருந்த புட்டியில் ஒரு மாத்திரைக்கு 50 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. அதோடு அதைத் தொடவில்லை. டயமின் ஆக்சிடேஸ் செயல்படச் செம்புச் சத்து வேண்டும் என்பது உண்மை, ஆனால் நாள் தேவை ஓரிரு மில்லிகிராம்தான். துத்தநாக மாத்திரையை நெடுநாள் அதிகமாக எடுத்தால் செம்பு உறிஞ்சப்படுவது குறையும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பழங்களிலும் காய்களிலும் உள்ள குவர்செட்டின் என்ற பொருள் ஆய்வுக்கூடக் குடுவையில் மாஸ்ட் செல்களை அமைதிப்படுத்துகிறது. வயிற்றின் வழியே போய் அதே அளவு உடலில் சேர்வது கடினம். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் என்று விற்கும் புரோபயாடிக்கில் எல்லாப் பாக்டீரியாவும் நண்பர் அல்ல: லாக்டோபேசிலஸ் ரியூடெரியின் சில வகைகள் தாமே ஹிஸ்டமினை உருவாக்கும். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் ஹிஸ்டமினைக் குறைப்பதில்லை. அது போய் அமரும் இடத்தை மறைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். மருத்துவர் சொன்ன நாட்களில் மட்டும் அதை எடுக்கிறேன்.

இப்போது அலமாரியில் ஒரே ஒரு புட்டிதான் இருக்கிறது, டயமின் ஆக்சிடேஸ். எப்போது சமைத்தது என்று கேட்க முடியாத இடத்தில் சாப்பிட நேர்ந்தால் மட்டும் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். தக்காளி முழுதாகத் திரும்பிவிட்டது. ஆரஞ்சு பாதி திரும்பியிருக்கிறது. பசலைக்கீரையை மூன்று முறை சோதித்தும் மூன்று முறையும் தலைவலி வந்ததால் அதன் எதிரே கோடு போட்டுவிட்டேன். ஸ்ட்ராபெர்ரியின் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இரண்டு இரவுகள் சேர்ந்தாற்போல் நன்றாக உறங்கிய ஒரு காலையில் மூன்று பழங்களிலிருந்து தொடங்கப்போகிறேன்.