சுறா இருக்குமா சார்?

புதுச்சேரியில் கயாக், பேடில் போர்டு (பலகையில் நின்று துடுப்பு வலிப்பது) கற்றுத்தரும் வேலை எனக்கு. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "சார், இங்க சுறா இருக்குமா?" லைஃப் ஜாக்கெட்டின் வார் சரியாக இறுகியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றெல்லாம் அனேகமாக யாரும் கேட்பதில்லை.

"இல்லை" என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். கூட இருக்கும் பையன்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. கேட்ட ஆளே மதியம் ஏதோ ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து சுறாப்புட்டு கேட்கப் போகிறார். அது என்ன மலையிலா விளைந்தது? தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் காலையில் போய் நின்றால் கூடையில் பால் சுறா இறங்குவதைப் பார்க்கலாம். அதனால், "இருக்கு, ஆனா நம்மளப் பார்த்து அதுதான் பயப்படணும்" என்பேன். 1970க்குப் பிறகு திறந்த கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021ல் ஓர் ஆய்வு வந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, மறுபடியும் தண்ணீரைக் குனிந்து பார்ப்பார்கள்.

கணக்கு சொல்லியும் பார்த்திருக்கிறேன். சுறாக்கடிகளைப் பதிவு செய்யும் ஃப்ளோரிடா அருங்காட்சியகத்தின் கணக்குப்படி, மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 2024ல் உலகம் முழுக்க 47. நீரில் மூழ்கி இறந்தவர்களோ, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2021ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர். கலிஃபோர்னியாவில் ட்ரோன் விட்டுப் பார்த்தபோது, இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இரண்டு இடங்களில், பார்த்த நாட்களில் 97 சதவீதம் அவை மனிதர்களுக்குப் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. அலைச்சறுக்குக்காரர்கள், பேடில் போர்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவ்வளவு நெருக்கத்திலும் கடி மிக அரிது. ஒரு ஐ.டி. தம்பதியிடம் இதை விரிவாகச் சொன்னேன். அவர்கள் காதில் விழுந்தது "வெள்ளைச் சுறா" மட்டும்தான். நுரைக்கு அந்தப் பக்கம் வரவே இல்லை.

பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்து மனிதர்கள் ஆபத்தை எடை போடுவதில்லை. நினைத்தாலே குலை நடுங்குகிறதா, கண்ணுக்குத் தெரியாததா, இந்த இரண்டும்தான் பெரிதாகப் படுகின்றன. சுறாவுக்கு இரண்டுமே உண்டு. வாடகை ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்து வந்து, இறங்கியதும் என்னிடம் சுறாவை விசாரிக்கிறவர்களை, அதைப் படித்த பிறகு நான் கேலி செய்வதில்லை.

துடுப்பு வலிக்கும்போது சுறாவின் முதுகுத் துடுப்பு போல எதைப் பார்த்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் ஓங்கில், அதாவது டால்பின். அது உருண்டு மேலே வந்து மூச்சுவிட்டு உள்ளே போகும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முனைகள் தெரிந்தால் திருக்கையின் சிறகாக இருக்கலாம். தை, மாசியில் பங்குனி ஆமை தலை நீட்டும். மேலே கிழித்துக்கொண்டு நேர்கோட்டில் போகிற முக்கோணம், சினிமாவில் பார்த்த அளவுக்குக் கடலில் யாரும் பார்த்துவிட முடியாது.

ஆனால் ஒருமுறை நிஜமாகவே வந்தது. அரியாங்குப்பம் முகத்துவாரத்தைத் தாண்டி நாலைந்து பேரோடு போயிருந்தோம். பலகைக்குக் கீழே தண்ணீர் கறுத்தது. பாறையா என்று பார்த்தால் நகர்கிறது, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. திமிங்கிலச் சுறா. மிதவை உயிர்களையும் பொடி மீனையும் வடிகட்டித் தின்னும் பிராணி. 2001லிருந்து வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும், என் முழங்காலுக்குத் தெரியவில்லை, தானாக மடிந்தது. எல்லோரும் பலகையில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு பெண் அழுதார். கரைக்கு வந்ததும் அவர்தான் எல்லோருக்கும் போன் போட்டார். அடுத்த வாரம் வந்த அழைப்புகள் வேறு மாதிரி: "சுறா காட்டுவீங்களாமே, எத்தனை மணிக்கு வரணும்?"

நான் பயப்படுவது கச்சான் காற்றுக்கு. ஆனி, ஆடியில் காலையிலேயே மேற்கிலிருந்து அடிக்கும், அதாவது கரையிலிருந்து கடலுக்கு. கரையோரம் அலையே எழும்பாது, ஏரி மாதிரி கிடக்கும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல நாள் வேறில்லை என்று தோன்றும். பலகையில் நிமிர்ந்து நின்றால் உடம்பே பாயாகிவிடும். ஒன்றும் செய்யாமலே அழகாகக் கிழக்கே போய்க்கொண்டிருப்பார், நன்றாக வலிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. திரும்பும்போதுதான் தெரியும். போகப்போக அலையும் ஏறும். பலகையை விட்டுவிட்டு நீந்தப் பார்த்தால் அவ்வளவுதான். மண்டியிடு, முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் வலி, காலில் கட்டிய கயிற்றை மட்டும் கழற்றாதே: இவ்வளவுதான் என் பாடம்.

எங்களோடு வேலை செய்யும் வீராம்பட்டினத்து அண்ணன் கட்டுமரக் காலத்து ஆள். கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பகலில் கடல்காற்று ஏறியதும் திரும்பி வந்த தலைமுறை. சுறாவைப் பற்றிக் கேட்டால், "அது என்ன விலைக்குப் போகும்னு சொல்லு தம்பி" என்பார். காற்றைப் பற்றிப் பேசும்போது விளையாட மாட்டார். அவர் மணலைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அன்றைக்கு வகுப்பு கிடையாது.

அங்கேதான் எங்கள் சண்டையே தொடங்கும். "கடல் இவ்வளவு அமைதியா இருக்கு, ரத்துன்னா என்ன அர்த்தம்?" என்று பணம் கட்டியவர் கத்துவார். காற்று என்று சொன்னால் சாக்கு என்கிறார்கள். "பேசாம சுறா வந்திருக்குன்னு சொல்லிடலாமே" என்று எங்கள் பையன் ஒருவன் யோசனை சொன்னான். முன்பு என்றால் எடுபட்டிருக்கும். இப்போது அப்படிச் சொன்னால் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார்கள்.