ஒரு பேக், ஏபியு இல்லாமல் டெல்லிக்கு

விமானப் பயணங்களைத் திட்டமிடும் டிஸ்பாட்சராக அங்கீகாரம் பெற்ற முதல் ஆண்டின் மே மாதத்தில், சென்னையிலிருந்து டெல்லி செல்ல வேண்டிய போயிங் 737-800 ஒன்று, முந்தைய இரவே பதிவாகியிருந்த ஒரு பழுதோடு என் மேசைக்கு வந்தது. எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்வித்துக் கேபினுக்கு அனுப்பும் பேக் இரண்டில் இடது பக்கத்தது வேலை செய்யவில்லை. எந்தெந்தக் குறைகளோடு பறக்கலாம் என்று சொல்லும் பட்டியலான எம்இஎல் அதை அனுமதித்தது. 'சி' வகை, அதாவது குறை பதிவான நாளைச் சேர்க்காமல் 10 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். ஆனால் விமானம் ஃப்ளைட் லெவல் 250, அதாவது 25,000 அடியைத் தாண்டக் கூடாது. மீதமுள்ள ஒரே பேக்கும் நின்றால் கேபின் அழுத்தம் போய்விடும். அதற்குள் பாதுகாப்பான உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பதே அந்த வரம்பின் காரணம்.

வழக்கமாக 35,000 அடிக்கு மேல் போகும் பயணத்தை 25,000 அடியில் திட்டமிட்டபோது எரிபொருள் தேவை ஏறத்தாழ ஒரு டன் கூடியது. அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. கோடை மதியங்களில் நாக்பூர், போபால் பக்கம் எழும் இடிமேகங்கள்தான் சிக்கல். உயரப் போகிறவர்கள் சிலவற்றையாவது மேலே தாண்டிவிடலாம், 25,000 அடியில் இருப்பவருக்குச் சுற்றிப் போவதைத் தவிர வழியில்லை. சுற்றுவதற்கும் கூடுதல் எரிபொருள் சேர்த்தேன்.

திட்டத்தை முடித்த பத்தாவது நிமிடத்தில் இன்ஜினியர் தொலைபேசியில் அழைத்து, "ஏபியு ஸ்டார்ட் ஆகல, அதையும் எம்இஎல்லில் போடுகிறேன்" என்றார். தரையில் மின்சாரமும் காற்றும் தரும், வால்பகுதியில் உள்ள அந்தச் சிறு எஞ்சின் இல்லாமலும் பறக்கலாம் என்று நூலில் இருப்பதைப் பார்த்து, இரண்டு வரிகளையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டு நிம்மதியடைந்தேன். அன்று நான் செய்த தவறு அதுதான்.

கேப்டன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இரண்டையும் சேர்த்துப் பார்த்தீர்களா?" 737இல் ஏபியு தரும் காற்று 17,000 அடி வரை ஒரு பேக்கை இயக்கும்; எஞ்சின் காற்று போனால் அதுவே அடுத்த துணை. பேக் ஒன்று ஏற்கெனவே இல்லாத விமானத்தில் அந்தத் துணையும் இப்போது இல்லை. தரையில், ஏபியு இன்றி மே மாத வெயிலில் பயணிகளை ஏற்றினால் கேபின் எப்படி இருக்கும் என்பதை நான் எண்ணவே இல்லை. எம்இஎல்லின் முன்னுரையே பல குறைகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதை ஆராயச் சொல்கிறது; அந்தப் பக்கத்தைத் தேர்வுக்காகப் படித்ததோடு சரி.

அடுத்த ஒரு மணி நேரம் தொலைபேசியிலேயே கழிந்தது. டெல்லியில் தரை மின்சாரமும் காற்று வண்டியும் உண்டா என்று அங்குள்ள நிலையத்திடம் கேட்டு உறுதி செய்தேன். இல்லையென்றால் விமானம் திரும்பி வர எஞ்சினைக் கிளப்ப முடியாது. சென்னையில் குளிர்காற்று வண்டியை வாயிலுக்கு வரவழைத்து, அது இணைக்கப்பட்ட பிறகே பயணிகளை ஏற்றச் சொன்னேன். ஓர் எஞ்சினைக் காற்று வண்டியால் நிறுத்துமிடத்திலேயே கிளப்பி, பின்னுக்குத் தள்ளிய பிறகு அதன் காற்றால் மற்றதைக் கிளப்ப வேண்டும். அதற்கு முதல் எஞ்சினின் வேகத்தைக் கூட்ட வேண்டியிருப்பதால் பின்னால் ஆளோ வண்டியோ நிற்கக் கூடாது என்பதைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்தோம்.

கேப்டன் மறுத்திருந்தாலும் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. எம்இஎல் அனுமதித்தாலும் ஏற்பது அவர் கையில்தான். விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் இரண்டு பதிவுகளையும் விரலால் தொட்டுப் படித்துவிட்டு அவர் கையெழுத்திட்டார். விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. ஏபியுவை மறுநாள் இரவு மாற்றினார்கள். பேக்கின் பாகம் வர ஆறு நாட்களாயின, அதுவரை அந்த விமானத்தைக் குறுகிய தடங்களில் மட்டுமே ஓட்டுமாறு நான் கேட்டுக்கொண்டேன்.