பசையில்லாத வளைவு: மூன்றாவது தடவைதான் நின்றது

தெற்கு பிரான்சில் ரோமானியர்கள் கட்டிய பான் து கார் நீர்ப்பாலம் இருக்கிறதே, அதன் கீழ்த்தட்டு வளைவு ஒன்றைப் பசை போடாமல் வீட்டு மேசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் அரிப்பு. மூன்று தட்டு, சுமார் 49 மீட்டர் உயரம், கீழ் இரண்டு தட்டிலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்தே கிடையாது.

பெரிய வளைவின் அகலம் கிட்டத்தட்ட 24.5 மீட்டர். நூற்றில் ஒரு பங்கு அளவில், கணக்குக்கு வசதியாக 24 செ.மீ. வைத்துக்கொண்டேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் 15 கல், ஒவ்வொன்றும் 12 டிகிரி, அடியில் 2.5 செ.மீ., மேலே கொஞ்சம் அகலம்.

முதல் தடவை கல்லின் கனம் 1.2 செ.மீ. அரைவட்டமாக வெட்டிய தெர்மாகோல் மேல் அடுக்கி, உச்சிக்கல்லைச் சொருகிவிட்டு தெர்மாகோலை உருவினேன். உச்சி இறங்கி, இரண்டு தோளும் வெளியே பிதுங்கி, எல்லாம் மேசையில் கிடந்தது. நாலு கல்லுக்கு மூக்குடைந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் வேலை பார்க்கும் கொத்தனார் எட்டிப் பார்த்தார். "சென்ட்ரிங்கை இப்படிப் பொசுக்குன்னு உருவலாமா தம்பி? ஆப்பு வெச்சு இறக்கணும். கல்லும் அப்பளம் மாதிரி இருக்கு."

சரி என்று கனத்தை 2 செ.மீ. ஆக்கி, ஐஸ் குச்சியைச் சீவி ஆப்பு செய்து தெர்மாகோலுக்கு அடியில் கொடுத்தேன். ஆப்பை ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட வளைவு தானாக நின்றது, நான் கையை எடுத்துக் கும்பிடாத குறை, அதற்குள் மைக்கா மேசையில் இரண்டு காலும் மெதுவாக வழுக்கி அகன்று மறுபடி சரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. வளைவு சுமையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அங்கே பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று தள்ளிச் சமன் செய்துகொள்கின்றன, கடைசித் தள்ளலைக் கரைப் பாறை வாங்கிக்கொள்கிறது. என் ஒற்றை வளைவுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தேன். இன்றோடு ஒன்பது நாள், நிற்கிறது.

பாலத்தின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் தூண்களில் சில கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும், அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மரச் சென்ட்ரிங்கும் சாரமும் தாங்க விட்ட கற்களாம். கீழ்த்தட்டு வளைவு ஒவ்வொன்றும் நான்கு தனி வளையங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்பது. ஒரு வளையம் முடிந்ததும் அதே மரத்தை நகர்த்திக்கொள்ளலாம் இல்லையா!

இன்னொன்று, மேலே ஓடும் கால்வாய்க்குப் பாலம் முழுக்க 2.5 செ.மீ. தான் சரிவு. என் அளவில் அது கால் மில்லிமீட்டர், அதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது வளையத்துக்கு ஆறு கல் வார்த்தாகிவிட்டது. சாப்பாட்டு மேசை எப்போது காலியாகும் என்று வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.