படத்தில் பால் மரம் இருந்தது

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்த தம்பி தங்கைகள் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, இதழியல் எடுக்கலாமா? பத்திரிகைகள்தான் மூடிக்கொண்டே வருகின்றனவே?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவள். பினாங்கில் இதழியல் படிக்கிறேன். இப்போது மூன்றாம் ஆண்டு.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு உதவியதும் அதுதான்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஓர் இணையச் செய்தித் தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வீட்டிலிருந்தே வேலை. மூன்றாவது வாரம், எங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் தோட்டத்தில் லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, தீப்பற்றிய செய்தி வந்தது. தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டேன். படம் புலனக் குழுவிலிருந்து கிடைத்தது. பதினொரு நிமிடத்தில் செய்தி ஏறிவிட்டது. தளத்தின் ஆசிரியர் பாராட்டினார். அன்று மாலை நான் தரையில் நடக்கவில்லை.

இரவு தாத்தாவிடம் திறன்பேசியை நீட்டினேன். முப்பது ஆண்டுகள் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது அந்தத் தோட்டம் இல்லையே, அம்மா. பின்னால் பார், மரத்தில் பால் பிடிக்கும் கோப்பை கட்டியிருக்கிறது. அங்கே பால் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டு எத்தனை காலமாகிறது!"

பிறகுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் எண் 'என்' என்ற எழுத்தில் தொடங்கியது. நெகிரி செம்பிலான் பதிவு. பேராக் வண்டி என்றால் 'ஏ'. வண்டி மாநிலம் விட்டு மாநிலம் போகும்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க அது போதுமான காரணம்.

தீ உண்மை. எரிந்தவை இரண்டு வீடுகள். படத்திலோ ஒரு வரிசையே எரிந்து கிடந்தது. படத்தை நீக்கிவிட்டோம். அதற்குள் அது எங்கெல்லாமோ போயிருந்தது. மறுநாள் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். ஜொகூரில் வேலை செய்யும் மகன், லயமே போய்விட்டது என்று பதறி இரவோடு இரவாக மோட்டாரில் கிளம்பி வந்திருக்கிறான். "உனக்கு என்ன, ஒரு படம். என் பிள்ளை வழியில் விழுந்திருந்தால்?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பருவத் தேர்வில் செய்திச் சரிபார்ப்பு பற்றி ஒரு நீண்ட கேள்வி வந்தது. படத்தை இணையத்தில் தேடிப் பார்க்கும் முறையைத்தான் பலரும் எழுதியிருந்தார்கள். அதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இணையத்தில் ஏற்கெனவே ஏறிய படத்தைத்தான் அது காட்டும். புலனக் குழுக்களுக்குள் மட்டுமே சுற்றும் படத்துக்கு அங்கே விடை இராது. மரம், கூரை, பெயர்ப்பலகை, வண்டி எண், அந்த ஊர்க்காரர் ஒருவர் என்று நான் எழுதினேன். என் தவற்றையே எடுத்துக்காட்டாக வைத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஊடகச் சட்டத் தாளுக்குப் பழைய மாணவர்களின் குறிப்புகளை நம்பாதீர்கள். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி பத்திரிகை அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விதி போய்விட்டது. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம், 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைப் பற்றிய 233ஆவது பிரிவு, 2025ஆம் ஆண்டு ஊடக மன்றச் சட்டம் ஆகியவற்றை மூலத்திலேயே படியுங்கள். மனப்பாடம் வேண்டாம். உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றை எடுத்து, அதில் எந்தச் சட்டம் எங்கே இடிக்கும் என்று பாருங்கள்.

செய்தி எழுதும் தாளில் தகவல்களைக் கலைத்துப்போட்டுத் தருவார்கள். நான் முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். முதலில் வாயில் வருவதுதான் முதல் வரி. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் மலாய்ச் செய்தி ஒன்றைத் தினம் தமிழில் எழுதிப் பழகினால் கை ஓடும். மற்றபடி கோட்பாட்டுத் தாள்கள் எல்லாத் துறையிலும் உள்ளவைபோலத்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது தாத்தா சில நாள் காலையில் கோப்பியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். இப்போது திறன்பேசியில் படிக்கிறார், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு. தாளுக்குப் பதில் திரை வந்துவிட்டது. அதற்கு நான் அழவில்லை. ஊருக்கு ஒருவராக இருந்த பகுதி நேர நிருபருக்குப் பதில் யாரும் வரவில்லையே என்பதுதான் என் கவலை. கடை வைத்திருப்பார், அல்லது பள்ளியில் வேலை செய்வார். கோவில் திருவிழா முதல் தோட்டத்தில் தண்ணீர் வெட்டு வரை அவருக்குத் தெரியும். அவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தள்ளியிருப்பார்.

அதனால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் ஊரை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான். எந்தத் தோட்டம் எப்போது கைமாறியது, யார் வீட்டில் பழைய சம்பளச் சீட்டு இருக்கிறது, ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) எங்கே குடியிருக்கிறார்? இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடிக் கோலாலம்பூருக்கு ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தச் செய்தித் தளத்தின் ஆசிரியர் இப்போதும் தோட்டத்துப் படம் எது வந்தாலும் எனக்கு அனுப்பிக் கேட்கிறார். நான் வீட்டுக்கு அனுப்புகிறேன். தாத்தா கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்லக் கால் மணி நேரமாவது ஆகும். காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.