மெஸ்ஸில் கிடைத்த வேலை

2009-ல் நான் பொறியியல் முடித்தபோது உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களையே "சேரும் தேதியை அப்புறம் சொல்கிறோம்" என்று காக்க வைத்திருந்தார்கள். என்னிடம் அந்த லெட்டரும் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரே அறையில் நான்கு பேர். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, நால்வருக்கும் வேலை இல்லை. எங்காவது வாக்-இன் என்று ஒருவன் காதில் விழுந்தால் நாலு பேரும் போய் ஒரே வரிசையில் நிற்போம். உயிரைக் கொடுக்கிற நண்பர்கள்தான். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு சேதி அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர்கூட அன்று எனக்குத் தெரியாது. மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். ரசத்தில் உப்பில்லை என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. ஒருநாள் இலையை மடித்துக்கொண்டே, "தம்பி, எங்க ஆபீஸ்ல டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. நாளைக்கு ரெஸ்யூம் கொண்டு வாங்க" என்றார். மூன்றாவது வாரம் துரைப்பாக்கத்தில் சேர்ந்துவிட்டேன்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை 1973-லேயே எழுதிவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களைக் கேட்டிருக்கிறார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு அவர் எப்போதாவது கண்ணில் படுகிறவர். எங்கள் மெஸ்ஸில் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்போம்.

இப்போது ஆள் எடுக்கும் நாற்காலியில் நான் இருக்கிறேன். ரெஃபரலில், அதாவது உள்ளே வேலை பார்ப்பவர் சிபாரிசில் வந்த ரெஸ்யூம்கள் பட்டியலில் மேலே நிற்கும். மற்றவை நூற்றுக்கணக்கில் கீழே கிடக்கும். உண்மையைச் சொன்னால், பாதியை நான் திறப்பதே இல்லை. என் டீமில் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் இரண்டே கல்லூரிகள். திறமை அந்த இரண்டு காம்பவுண்டுக்குள் மட்டும் விளைவதாக நான் நம்பவில்லை. யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளை பட்டியலின் அடியிலேயே கிடக்கிறது.

ரெஃபரல் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: "இவரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்?" போன மாதம், லிங்க்ட்இன்னில் மட்டும் பேசிய ஒரு பையனுக்கு "2" என்று போட்டேன். மெஸ் அண்ணன் எனக்கு என்ன போட்டாரோ.