ஒரே நாள்ல திருச்செந்தூர்: திருச்சியில இருந்து அம்மாவோட போய்ட்டு வந்த கதை

முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கே அம்மா சொல்லிட்டாங்க, நான் மட்டும் பழையபடி நடந்துட்டேன்னா திருச்செந்தூர் போய் கடல்ல முங்கி நாழிக்கிணத்துல குளிச்சுட்டு வர்றேன்னு முருகன்கிட்ட வேண்டியிருக்கேன்னு. நானும் அப்ப சரி சரின்னு தலையாட்டி வச்சிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு பாத்தா அம்மா மார்க்கெட்டுக்கு தனியா போய்ட்டு வர்றாங்க, பையை வேற தூக்கிட்டு. வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே "என்ன தம்பி, முருகன் கணக்கை எப்ப முடிக்கறது"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல தள்ளிப் போட முடியல.

ரெண்டு நாள் லீவு கிடைக்காது, பையனுக்கு பரீட்சை, என் வீட்டம்மா அவனோட வீட்ல இருந்தாகணும், அதனால ஒரே நாள்தான்னு முடிவாச்சு. திருச்சியில இருந்து மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியா போனா ஒரு பக்கம் சுமாரா 310, 320 கிலோமீட்டர் வரும், போக வர அறுநூறு தாண்டும். நல்லா ஓட்டறவங்களுக்கு இது பெரிய தூரம் இல்லதான், ஆனா நடுவுல கடல் குளியல், வரிசை, வெயில், வயிறு நிறைய சாப்பாடு எல்லாம் முடிச்சிட்டு திரும்பவும் முன்னூறு கிலோமீட்டர் இருக்குங்கறதை பிளான் போடறப்பவே மனசுல வச்சுக்கணும். அதனால நான் போட்ட முதல் கண்டிஷனே ரெண்டு டிரைவர் வேணும்ங்கறதுதான். மச்சானை கூப்பிட்டேன், என் வீட்டம்மாவோட தம்பி. அவன் கோயில்னா வருவானோ இல்லையோ, கார்னா வருவான்.

வந்தவன் சும்மா இருக்கல. "மாமா, அவ்ளோ தூரம் போறோம், அப்படியே ஸ்ரீவைகுண்டம் பக்கம் நவதிருப்பதி பெருமாள் கோயில்ல ரெண்டு மூணு, குலசேகரன்பட்டினத்துல முத்தாரம்மன், அங்கதான் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம் வேற கட்டறாங்க, மணப்பாடு பீச்சு"ன்னு அடுக்கிக்கிட்டே போறான். எல்லாம் பக்கம்தான், குலசை இருபது கிலோமீட்டர் கூட வராது, இல்லைங்கல. ஆனா ஒரு நாள் பயணத்துல ஒரு கோயில்தான், இதுல நான் பிடிவாதமா இருந்தேன். லிஸ்ட் போட்டுக்கிட்டு போறவங்க ஒவ்வொரு சன்னதியிலயும் வாட்ச் பாத்துக்கிட்டே கும்பிடுவாங்க, அப்புறம் அந்த அவசரத்தையெல்லாம் ராத்திரி ஹைவேல ஆக்ஸிலேட்டர்ல காட்டுவாங்க. அம்மா முப்பது வருஷம் கழிச்சு போறாங்க, அவங்களுக்கு கடல்ல நிக்க நேரம் வேணும், அவ்ளோதான்னு முடிச்சிட்டேன்.

அடுத்து நாள் பாக்கணும். செவ்வாய், சஷ்டி, கிருத்திகை, ஞாயிறு எல்லாம் அடிச்சிட்டோம், 2025 ஜூலை 7 கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் சாதாரண நாள்லயே நல்ல கூட்டம்னு போனவங்க எல்லாரும் சொன்னாங்க. தைப்பூசத்துக்கு முந்தின வாரமும் வேணாம், தூத்துக்குடி பக்கத்து ரோடெல்லாம் பச்சை வேட்டி பச்சை சேலையோட பாதயாத்திரை போறவங்க இருட்டுலயே நடந்துக்கிட்டிருப்பாங்க, நம்ம வசதிக்கு அவங்களை பதற விடக்கூடாது. தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை முடிவாச்சு.

கிளம்பற நேரத்துக்குத்தான் பெரிய பஞ்சாயத்து. ராத்திரி ஒரு மணிக்கு கிளம்பினா விடியறப்ப கடல்ல சூரியோதயம் பாக்கலாம்னு மச்சான். ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் இருக்கற தூக்கம் இருக்கே, அது கண்ணை மூடித்தான் வரணும்னு இல்ல, கண்ணு திறந்திருக்கறப்பவே வரும். சூரியன் எந்த ஊர்லயும் உதிக்கும், நீ தூங்குன்னு சொல்லிட்டு மூணே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன். அம்மா பின் சீட்டுல, காலை நீட்டிக்க வசதியா பக்கத்துல ஒரு தலகாணி, சீட்டு மேல பழைய பெட்ஷீட்டு ரெண்டா மடிச்சு (ஈரத் துணியோட திரும்பி வருவோம்ல), ஒரு தூக்குச்சட்டியில புளியோதரை.

விராலிமலை தாண்டறப்ப அம்மா இருட்டுலயே மலைப் பக்கமா திரும்பி கும்பிட்டாங்க. அங்க முருகனுக்கு சுருட்டு படைப்பாங்க தெரியுமான்னு மச்சான்கிட்ட ஆரம்பிச்சு, வழிதப்பின பக்தன்கிட்ட முருகன் சுருட்டு கேட்ட கதையை பூதகுடி டோல்கேட் தாண்டி கொஞ்ச தூரம் வரைக்கும் சொல்லிக்கிட்டு வந்தாங்க. நல்லா போய்க்கிட்டிருந்துச்சு. துவரங்குறிச்சி தாண்டினதும் வண்டி லேசா இடது பக்கம் இழுத்துச்சு, ரோடுதான் சாய்வா இருக்கு போலன்னு நான், இல்ல மாமா ஓரங்கட்டுங்கன்னு மச்சான். எறங்கி பாத்தா பின் டயர் உக்காந்துருச்சு.

இங்கதான் நான் பண்ணின தப்பை சொல்லணும். கிளம்பறதுக்கு முந்தின நாள் நாலு டயருக்கும் காத்து செக் பண்ணேன், ஆயில் பாத்தேன், வைப்பருக்கு தண்ணி ஊத்தினேன், ஃபாஸ்டேக்ல காசு போட்டேன், பெரிய ஆள் மாதிரி எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி டிக் அடிச்சேன். டிக்கியில கிடக்கற ஸ்டெப்னியை மட்டும் தொட்டுக்கூட பாக்கல. மாட்டி ஜாக்கியை எறக்கினா அதுவும் பாதி சப்பையா நிக்குது. லாரி எல்லாம் விர்ருனு போகுது, நாங்க ஹசார்டு லைட்டை போட்டுட்டு, அம்மாவை எறக்கி ரோட்டை விட்டு தள்ளி ஒரு மைல்கல்லு மேல உக்கார வச்சுட்டு நிக்கறோம். அம்மாவுக்கு ஒரு பதட்டமும் இல்ல. "வேல் இருக்கு, பயப்படாத"ன்னாங்க. "அம்மா, வேல் இருக்கு, காத்து இல்ல"ன்னேன். மச்சான் சிரிச்ச சிரிப்பு, எனக்கு அப்ப சிரிப்பு வரல. இருபது இருபத்தஞ்சு ஸ்பீடுல உருட்டிக்கிட்டே போய் ஒரு பெட்ரோல் பங்க்குல காத்து அடிச்சு, பக்கத்துல பஞ்சர் கடைக்காரர் கடைக்குள்ளயே படுத்திருந்தார், எழுப்பி ஒட்டிக்கிட்டோம். முக்கால் மணி நேரம் போச்சு. ரெண்டு இஞ்ச் ஆணி. அதை அம்மா வாங்கி பர்ஸ்ல போட்டுக்கிட்டாங்க, ஏன்னு நான் கேக்கல.

சிட்டம்பட்டி டோல் தாண்டறப்ப நல்லா விடிஞ்சிருச்சு. மதுரைக்குள்ள போகாம ரிங் ரோட்டை பிடிச்சு, எலியார்பத்தி தாண்டி அருப்புக்கோட்டையில இட்லி, அங்க இருந்து மச்சான் கைக்கு வண்டி மாறுச்சு. அதுக்கப்புறம் கரிசல் காடு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கருப்பு மண்ணு, நடுவுல நாலு வேலிக்கருவை, திரும்பவும் கருப்பு மண்ணு. ரோடு நேரா போறதால ஓட்டறவனுக்கு இதுதான் ஆபத்தான ஏரியான்னு நான் சொல்லுவேன், வளைவே இல்லைன்னா மூளை தூங்கிரும். எட்டயபுரம் வரப்ப பாரதி பொறந்த ஊருன்னு ஒரு டீயை சாக்கா வச்சு நிறுத்தினோம். அம்மாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தாகணும், இல்லைன்னா முட்டி இறுகிக்கும். உண்மையில அவங்க முட்டிதான் எங்களுக்கு டைம்டேபிள் போட்டுச்சு, அது எங்களுக்கும் நல்லதாப் போச்சு.

தூத்துக்குடி பக்கம் போனதும் காத்து மாறுது, ஜன்னலை இறக்கினா உப்பு வாசம். முக்காணியில தாமிரபரணியை தாண்டறப்ப மச்சான் ஸ்லோ பண்ணினான். 2023 டிசம்பர்ல இந்தப் பக்கம் பூரா தண்ணியில கிடந்துச்சு, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்கு கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சே, அந்த வெள்ளம். இப்ப பாத்தா ஆறு ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடுது, ரெண்டு பக்கமும் வாழை. ஆறுமுகநேரியில உப்பளம், பாத்தி பாத்தியா தண்ணி, மேல வெயில் பளபளன்னு. தூரத்துல கோபுரம் தெரிஞ்சதும் அம்மா பேச்சை நிறுத்திட்டாங்க.

பத்தரைக்கு போய் சேர்ந்தோம். செல்போன் கோயிலுக்குள்ள கூடாது, ஐகோர்ட்டு மதுரைக் கிளை 2022-லயே சொல்லிருச்சு, அதனால போனை எல்லாம் வண்டியிலயே வச்சு பூட்டிட்டு ஒரு துணிப்பையோட இறங்கினோம். முதல்ல கடல், அப்புறம் நாழிக்கிணறு, அப்புறம்தான் சாமி, அதுதான் முறை. கடல்ல அன்னைக்கு அலை பெருசா இல்ல, ஆனாலும் மச்சானும் நானும் அம்மாவோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுத்தான் எறங்கினோம். முட்டி அளவு தண்ணியில அம்மா நின்னு கொஞ்ச நேரம் காலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அலை பின்னாடி போறப்ப காலுக்கு கீழ இருக்கற மணலையும் இழுக்குமில்ல, அதுல தையல் போட்ட முட்டி தாங்குதான்னு சோதிச்சு பாக்கற மாதிரி ஒரு நிலை. தாங்குச்சு. அப்புறம் டக்குனு உக்காந்து ஒரே முங்கு, நாங்க தயாராவே இல்ல, எங்க சட்டை பேன்ட் எல்லாம் நனைஞ்சு போச்சு.

ஈரத்தோடயே மணல்ல நின்னுக்கிட்டு மச்சானுக்கு அடுத்த கதை. டச்சுக்காரங்க இங்க இருந்து சண்முகரை கப்பல்ல தூக்கிட்டு போனது, நடுக்கடல்ல புயல் அடிச்சதும் பயந்துபோய் சிலையை கடல்லயே விட்டது, திருநெல்வேலியில நாயக்கர் அதிகாரியா இருந்த வடமலையப்ப பிள்ளை கனவுல முருகன் வந்து எலுமிச்சம்பழம் மிதக்கற இடத்துல கருடன் வட்டமிடும், அங்க தேடுன்னு சொன்னது. 1648-ல போனவர் 1653-ல திரும்பி வந்தார்னு நான் வருஷத்தை சொன்னேன். "வருஷம் எதுக்குடா, வந்தாரா இல்லையா"ன்னாங்க.

நாழிக்கிணறு கடல்ல இருந்து கூப்பிடு தூரம்தான், படியில கீழ இறங்கணும். பெரிய கிணத்துக்குள்ள ஒரு சின்ன கிணறு மாதிரி இருக்கும். சூரனோட சண்டை போட்ட களைப்புல இருந்த படைக்கு தாகம் தீர முருகன் வேலை ஊணி எடுத்த ஊத்துன்னு சொல்லுவாங்க, இத்தனைக்கும் சுத்தி கடல், ஆனா தண்ணி உப்பு கரிக்காது. எனக்கு பயம் அந்தப் படிதான், ஈரப் படி, முன்னாடி பின்னாடி ஆளுங்க. அம்மா பக்கவாட்டுல திரும்பி, நல்ல காலை முதல்ல வச்சு, ஆபரேஷன் பண்ணின காலை அப்புறம் கொண்டு வந்து, ஒவ்வொரு படியிலயும் "முருகா"ன்னு ஒரு தடவை. எங்களுக்கு பின்னாடி நின்னவங்க ஒருத்தர் கூட சீக்கிரம் போங்கன்னு சொல்லல, அதை நான் இங்க சொல்லியே ஆகணும். கீழ தண்ணி இறைச்சு ஊத்தறவர் அம்மா தலையில ஒரு வாளி ஊத்தினார், நிமிர்ந்து பாத்துட்டு இன்னொரு வாளி. ரெண்டு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

துணி மாத்திட்டு, நாங்க சட்டையை கழட்டிட்டு, பொது வரிசையில ரெண்டு மணி நேரம் ஆச்சு. நடுவுல உக்கார இடம் கிடைச்சுது. செந்திலாண்டவர் முன்னாடி நிக்க கிடைச்சது பத்து செகண்டு இருக்கும். சூரனை ஜெயிச்சவர் கையில பூவோட சிவனை பூஜை பண்ற கோலத்துல நிக்கறார், அவர் பூஜை பண்ற லிங்கங்கள் கருவறைக்கு பின்னாடி இருக்கு. நான் என்ன வேண்டணும்னு யோசிச்சு வச்சிருந்தது எல்லாம் அந்த பத்து செகண்டுல மறந்து போச்சு, ஸ்டெப்னிக்கு நன்றின்னு மட்டும் ஏதோ மனசுல ஓடுச்சு. தெற்கு பாத்த சண்முகரையும் பாத்துட்டு பன்னீர் இலை விபூதி வாங்கிட்டு வெளிய வந்தோம். இலையில பன்னெண்டு நரம்பு, முருகனோட பன்னெண்டு கைன்னு சொல்லுவாங்க, மச்சான் நிஜமாவே உக்காந்து எண்ணினான். பதினொண்ணு வரைக்கும் வந்துட்டு கண்ணாடி இல்லைன்னு விட்டுட்டான்.

கோயில் அன்னதானத்துலயே சாப்பிட்டோம், தூக்குச்சட்டி அப்படியே இருந்துச்சு. சாப்பிட்ட கையோட வண்டி எடுக்கறதுங்கறது ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டற மாதிரிதான், அதனால ஒரு மண்டப நிழல்ல துண்டை விரிச்சு நானும் மச்சானும் முக்கால் மணி நேரம் தூங்கினோம், அம்மா காவல். அதுக்குள்ள அவங்க போய் உடன்குடி கருப்பட்டி ரெண்டு கிலோவும் ஒரு கட்டு பனங்கிழங்கும் வாங்கி வச்சிருந்தாங்க. தனியா நடந்து போய்.

மூணரைக்கு கிளம்பினோம். தூத்துக்குடி தாண்டறப்ப மச்சான் ஒரு தடவை மணப்பாடுன்னு முனகினான், நான் காதுல வாங்கல. எட்டயபுரத்துல திரும்பவும் டீ, மதுரை ரிங் ரோட்டுல கைமாத்தல், மேலூர் பக்கம் புளியோதரை, வழியெல்லாம் எண்பதுக்கு மேல போகல. மணி பத்தேகாலுக்கு வீடு. சீட்டு பெட்ஷீட்டை உதறினா ஒரு கைப்பிடி மணல்.

அம்மா காலை நீட்டி உக்காந்த உடனே மணப்பாறையில இருக்கற சித்திக்கு போன். நான் பையை இறக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். ஆணி கதையில ஆணி நாலு இஞ்ச் ஆயிருச்சு, அது போகட்டும். எட்டயபுரத்துல மச்சான்கிட்ட சொல்றப்ப நாழிக்கிணத்துல மூணு வாளி ஊத்தினாங்கன்னாங்க, இப்ப சித்திகிட்ட ஏழு வாளி. "ஏழும்மா, எண்ணிக்கிட்டே இருந்தேன், அந்த மனுஷன் நிறுத்தவே இல்ல"ங்கறாங்க. மச்சான் என்னைப் பாத்தான், நான் பனங்கிழங்கை கழுவப் போயிட்டேன்.